நாற்பத்தொன்றாம் பக்கத்து வரி

மாநில மருத்துவ உரிம வாரியத்தில் ஆறு வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். அந்த ஆறு வருடத்தில் கூட்டத்தில் நான் வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு சொல்: வழிமொழிகிறேன். வாரியத்தில் ஒன்பது பேர். எட்டுப் பேர் டாக்டர்கள். ஒன்பதாவது நாற்காலி பொதுமக்களுக்கு என்பது சட்டம். அந்தப் பொதுமக்கள் நான்தான், லோர்னா கிராட்ஸ், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஆளுநரின் இரண்டு வாலுப் பையன்களை ஒன்பது வருடம் சேதாரமில்லாமல் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக் கிடைத்த பதவி என்று ஊரில் பேச்சு. பொய் என்று சொல்ல மாட்டேன்.

வேலை சுலபம். ஏதாவது ஒரு டாக்டர் மேல் புகார் வந்தால், தலைவர் டாக்டர் ஸ்டோல்ட்ஸ் தொண்டையைச் செருமி, "கதவ மூடிட்டுப் பேசலாம்னு முன்மொழியுறேன்" என்பார். நான் வழிமொழிவேன். புகார் கொடுத்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவோம். உள்ளே சூடாக சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டி வரும். அரை மணி நேரத்தில், இனிக் கவனமாக இருக்கவும் என்று அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் போகும். பாவம், சும்மா உட்கார்ந்திருக்கிறாளே, இதையாவது சொல்லட்டும் என்று மரியாதைக்காக எனக்கு அந்தச் சொல்லை விட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

ஜனவரியில் செனட்டர் மிரியம் டோலஃப்சன் என் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, படபடவென்ற பேச்சு. வாரியத்தைச் சீர்திருத்த மூன்று வருடமாக மசோதா கொண்டுவருகிறார். மூன்று வருடமும் அது சட்டமன்றக் குழுவிலேயே உயிரை விட்டிருக்கிறது.

"இந்தத் தடவ விடறதா இல்ல, லோர்னாம்மா. நீங்க வந்து சாட்சி சொல்லணும். வாரியத்துல பொதுமக்களுக்கு ஒரு அதிகாரமும் இல்லன்னு நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"ரோல் நல்லா இருக்கும்னு வேணா சாட்சி சொல்றேன்" என்றேன்.

அறுபத்துநான்கு பக்க மசோதாவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் சட்டமன்றத்தில் மசோதா அச்சடிக்கும்போது, நீக்கப்போகும் பழைய சட்டத்தையும் நடுவே கோடு அடித்துப் போடுவார்கள். புதியதெல்லாம் வக்கீல் நடை, கொட்டாவி வந்தது. கோடு அடித்ததைத்தான் ஆசையாகப் படித்தேன். அடுத்தவர் அடித்துவிட்டதைப் படிக்காமல் விடுகிற ஆள் நான் இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், கோட்டுக்குள்ளே, இப்படி இருந்தது: பொதுமக்கள் உறுப்பினர் வழிமொழிந்தாலன்றி வாரியம் கதவை மூடலாகாது.

திரும்பவும் படித்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ போராடிச் செய்த சீர்திருத்தம். யாருமே பயன்படுத்தாத வரி எதற்கு என்று மிரியம் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழு ஒன்றைப் போட்டிருந்தார். ஆறு வருடமாகச் சாவி என் கையில்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நானே பூட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். மிச்சமிருந்த ஆப்பிள் கேக் முழுவதையும் நின்றபடியே தின்று தீர்த்தேன்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு வெண்டல் ஓக்ஸ் மூன்றாம் முறையாக வந்திருந்தார். கோதுமை விவசாயி. பனியில் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர் கையில் ஒரு எக்ஸ்ரே உறை. அவர் மனைவி இர்மாவுக்கு வலது முழங்காலில் வலி. ஒரு டாக்டர் நன்றாக இருந்த இடது முழங்காலை அறுத்து மாற்றிவிட்டார். தப்பு நடந்தது என்று யாராவது வாய் திறந்து சொல்லி எழுதித் தர வேண்டும், மனிதர் கேட்டது அவ்வளவுதான். முதல் இரண்டு முறையும் கதவைச் சாத்தினோம். சாத்தினோம் என்ன, நான்தான் சாத்தினேன்.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. என் இடுப்பு மூட்டை மாற்றிவைத்தவர் டாக்டர் ஸ்டோல்ட்ஸ். இன்று நான் படி ஏறுகிறேன் என்றால் அவர் கைராசி. நல்ல மனிதர், கெட்டிக்காரர். இன்னொரு டாக்டர் மாட்டிக்கொண்டால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்குப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"கதவ மூடிட்டுப் பேசலாம்னு முன்மொழியுறேன்" என்றார்.

யாரும் சொல்லாமலே வெண்டல் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"உக்காருங்க வெண்டல்" என்றேன்.

எட்டு டாக்டர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"லோர்னாம்மா, நீங்க ஒண்ணு சொல்லணுமே?" என்றார் தலைவர்.

"சொல்லிட்டேனே டாக்டர். உக்காரச் சொன்னேன்."

"அது இல்ல. எப்பவும் சொல்வீங்களே, அது."

"இன்னிக்குச் சொல்றதா இல்ல."

"சரி, நானே வழிமொழியுறேன், ரோல் ஆறிப்போகுது" என்றார் ஓரத்தில் இருந்த கண் டாக்டர்.

"உங்களால முடியாது." பையிலிருந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து நீட்டினேன். "கோட்டக் கண்டுக்காதீங்க. மசோதா நிறைவேறுற வரைக்கும் இதுக்கு உயிர் இருக்கு."

கூட்டத்தைப் பார்க்க வந்து பார்வையாளர் வரிசையில் இருந்த மிரியத்தின் குரல் வந்தது. "ஐயையோ, அத நான்தானே அடிச்சேன்!"

"ஆமா தாயி. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா, எங்கிட்ட இருந்த ஒரே சாவியையும் பிடுங்கிச் சீர்திருத்தியிருப்பீங்க."

தலைவர் அந்தத் தாளை வாங்கவே இல்லை. அந்த வரி அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இடுப்பு எப்படி இருக்கு, லோர்னாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அருமையா இருக்கு டாக்டர். வலிச்ச பக்கத்தத்தானே நீங்க மாத்தினீங்க."

கண் டாக்டர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். ஸ்டோல்ட்ஸ் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க, ஓக்ஸ்."

வெண்டல் எழுந்து நின்றார். உறையைத் திறந்தார், மூடினார். "எப்பவும்போல வெளிய அனுப்பிடுவீங்கன்னு நெனச்சேன். பேச ஒண்ணும் யோசிச்சு வரல" என்றார். "இர்மாதான் நல்லாப் பேசுவா."

"அவங்க எங்க?" என்றேன்.

"கீழ வண்டியில. மூணு தடவையும் அங்கதான் இருந்தா. இறங்கிட்டா திரும்ப ஏத்த முடியாதுங்க, பிக்கப் வண்டி உயரம். வீட்டுல மகனும் நானுமாச் சேந்து தூக்கி ஏத்துவோம். இங்க நான் ஒருத்தன்தானே."

ஸ்டோல்ட்ஸ் எழுந்து குளிர்க் கோட்டை மாட்டினார். வாரியம் மொத்தமும் அவர் பின்னால் படி இறங்கியது. குறிப்பெழுதும் பெண், மிரியம், எல்லோரும் பனியை மிதித்துக்கொண்டு வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனோம்.

இர்மா மடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேர் வருவதைப் பார்த்தும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. ஸ்டோல்ட்ஸ் கதவைத் திறந்தார்.

"எந்தக் கால்மா வலிச்சது?"

வலதைக் காட்டினார்.

"அறுத்தது?"

இடதைக் காட்டினார். "இத மொதத் தடவையே வந்து கேட்டிருக்கலாம். நானும் புதிர் போட்டுப் போட்டுக் கெட்டிக்காரி ஆயிட்டேன்."

ஸ்டோல்ட்ஸ் இரண்டு முழங்காலையும் தொட்டுப் பார்த்தார். தழும்பின் மேல் அவர் விரல் நின்றது. திரும்பாமலே, "எழுதிக்கோங்க. அறுத்தது தப்பான கால்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டாக்டர்" என்றார் இர்மா. "இவருக்குக் காது மந்தம்."

வெண்டலுக்குப் பாம்புக் காது. அது மாடியில் அவரோடு பேசிய எல்லோருக்கும் தெரியும். டாக்டர் ஸ்டோல்ட்ஸ் நிமிர்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி அதை இன்னொரு முறை சொன்னார்.