ஏழாவது குழியில் ஆறு

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மைத்துனன் தன் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினான். கட்டிங் மாஸ்டர் அந்த நகத்தை ஒட்டிப் பேனாவை இறக்கி, இழுத்து, முடித்தார். ஸ்கோர் கார்டு பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபோது மாஸ்டரின் முகம் அப்படி மலர்ந்தது, பார்க்கப் பாவமாக இருக்கும்.

கோல்ஃப் என்றதும் பணக்காரர் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. இது ஏரிக்கரைப் பொது மைதானத்தில், வேலைக்குப் போகிறவர்கள் கூடி ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை லீக். ஒன்பது குழி. பதினான்கு வாரம். அவரவருக்கு நன்றாக அமைந்த பத்து வாரத்தை மட்டும் கூட்டுவார்கள். மற்ற நாலைத் தள்ளிவிடலாம். பத்துக்குக் குறைந்தால் பட்டியலிலேயே பெயர் இராது. கூட்டியதில் குறைந்த அடி அடித்த எட்டுப் பேர்தான் பிளே-ஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். மாஸ்டர் பதினோரு வருடமாக ஆடுகிறார். ஒன்பதாம் இடம், பத்தாம் இடம், ஒருமுறை மறுபடியும் ஒன்பதாம் இடம்.

இந்த வருடம் அவருக்குத் தள்ளிவிட ஒரு வாரமும் மிச்சமில்லை. நாலு ஞாயிறு கண் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. மற்றவர்களிடம் 'சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்' என்று சொல்லிவைத்தார். பார்வையின் நடுவே ஒரு புகைத் திட்டு. ஓரத்தில் மட்டும் உலகம் தெளிவாக இருந்தது. குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்க்க வேண்டுமானால் கொடிக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் அந்த ஓரமும் நிச்சயமில்லை என்று டாக்டர் சொன்னது மனைவிக்கும் அவள் தம்பிக்கும் மட்டும் தெரியும். சட்டை தைக்கும் கம்பெனியில் அளவு அட்டையின் ஓரத்தை விரலால் தடவி, இருபது வருடக் கைப்பழக்கத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கண் போன கட்டிங் மாஸ்டரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும், சொல்லுங்கள்?

அன்று கடைசி ஞாயிறு. நாற்பத்துமூன்று அடிக்குள் முடித்தால் எட்டாம் இடம். ஓர் அடி கூடினாலும் அந்த இடம் க்யூ.சி.க்குப் போய்விடும். க்யூ.சி. என்பவர் அதே கம்பெனியில் வெட்டின துணியைச் சோதிக்கிற அதிகாரி. ஜோடியாக ஆடிய மைத்துனன் கூடவே நடந்து, "மாமா, வலப்பக்கம், முப்பது தப்படி" என்று பந்து விழுந்த இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். சரியாக நாற்பத்துமூன்றில் முடித்தார். கடைசிப் பந்து குழிக்குள் உருண்ட சத்தத்தைக் கேட்டு, குனிந்து, குழிக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

லீக் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஊரையே வாய் திறக்கச் சொல்கிறவர், சிரிக்க மட்டும் தன் வாயைத் திறக்கமாட்டார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கார்டாகக் கூட்டினார்.

"மாஸ்டர், நாற்பத்துநாலு."

"இல்ல சார், நாற்பத்துமூணு. நான்தானே எண்ணினேன்," என்றான் மைத்துனன்.

"ஏழாவது குழியில ஆறுன்னு இருக்கே."

மைத்துனன் எட்டிப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. "ஐயோ, அது என் ஆறு சார். அவரோட அஞ்சு என் கட்டத்துல கிடக்கு பாருங்க. வரிசை மாத்தி எழுதித் தொலைச்சிட்டேன்."

இந்த ஆட்டத்தில் ஒருவர் கணக்கை மற்றவர்தான் எழுத வேண்டும். ஆடியவர் குழி குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகு, அடித்ததைவிட அதிகமாக எழுதியிருந்தாலும் அந்த அதிகமே நிற்கும்.

க்யூ.சி. சிரித்தார். "என்ன மாஸ்டர், அஞ்சுக்கும் ஆறுக்குமா வித்தியாசம் தெரியல? நல்லவேளை, சட்டைக் கை இப்படி நீளலை!"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

செயலாளர் பேனாவை மூடவில்லை. "நம்ம லீக்ல ஒரு சலுகை இருக்கு. கார்டைப் படிக்க முடியாதபடி உடம்புல ஏதாவது கோளாறு இருந்தா கமிட்டி திருத்தலாம். மயக்கம், தலைசுத்தல், எதுவானாலும் சரி. எல்லார் முன்னாடியும் சொல்லணும், மருத்துவர் சீட்டு கொடுக்கணும். அவ்வளவுதான்."

"சார், அவருக்கு..." என்று ஆரம்பித்தான் மைத்துனன். மாஸ்டரின் கை அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து இறுக்கியது. துணிக்கட்டு தூக்கிப் பழகின கை.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். பாத்துத்தான் போட்டேன்."

"அப்போ ஆறுதானா?"

எதிர்ப்பக்கத்தில் க்யூ.சி. நிற்பது ஓரப்பார்வையில் தெரிந்தது. அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"ஆறுதான்."

"மாமா, சொல்லிடுங்க மாமா. இந்த ஒரு வருஷந்தானே..." மைத்துனன் காதோடு கெஞ்சினான்.

"வாயை மூடு மாப்ளே. நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

செயலாளர் எட்டுப் பெயர்களையும் எழுதிப் பலகையில் ஒட்டினார். முண்டியடித்துப் பார்த்தவர்கள் க்யூ.சி.யின் முதுகைத் தட்டிக்கொண்டு டீ குடிக்க நகர்ந்தார்கள். க்யூ.சி. மட்டும் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மாஸ்டரையே பார்த்தபடி நின்றார்.

"நீங்களும் ஒருதடவை பாத்துடுங்க மாஸ்டர்," என்றார். குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாஸ்டர் பலகை அருகே போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். படிக்கிறவர்கள் தலை எப்படி அசையுமோ அப்படி இடமிருந்து வலமாக அசைத்து, ஒவ்வொரு வரியாக இறங்கினார். நடுவில் ஒரு பெயருக்கு மெச்சுவதுபோல் உதட்டைப் பிதுக்கினார். எட்டு வரி வந்ததும் நிறுத்தி, நிதானமாகத் தலையாட்டினார்.

அவர் நின்றிருந்தது பட்டியலுக்கு முன்னால் அல்ல. அதற்குப் பக்கத்தில், புல் வெட்டுவதற்காக மைதானம் மூடியிருக்கும் நாட்களை அச்சிட்டிருந்த தாளுக்கு முன்னால்.