பன்னிரண்டாம் தேதி வரை

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நாய்க்கடிக்கு ஊசி போடும் கிளினிக் எங்களுடையது. டாக்டர் என் மைத்துனர். நிர்வாகம் நான், துணிக்கடைக் குடும்பம், பேரம் பேசாமல் தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. புது மென்பொருள் வாங்கும்போதும் விடவில்லை.

"நம்மூர் தேதி முறைக்கு மாற்றித் தருவது தனி வேலை, சார்" என்றான் விற்க வந்தவன்.

"தேதி எந்த ஊரில்தான் இல்லை? அதைக் கழித்துவிட்டுச் சொல்லு" என்றேன். கழித்தான். அதோடு ஊசித் தேதி எழுதிக் கொடுக்கும் காகிதச் சீட்டையும் நிறுத்தினேன். அடுத்த ஊசிக்குச் செல்போனில் செய்தி வரும், நிம்மதியாகப் போங்கள் என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

நவம்பர் பதினெட்டு காலை, பாறசாலையிலிருந்து செல்லபாய் என்பவர் கூப்பிட்டார்.

"சாறே, எங்க வீட்டுக்காரரு யோசுவாவுக்கு ரெண்டாவது ஊசிக்கு மெசேஜே வரல்லியே. நேத்து பிடிச்சு காய்ச்சலும் இருக்கு."

கணினியில் தேடிய எங்கள் வரவேற்பாளர் சிஜியின் முகம் வெளுத்தது. "சாறே, இந்தக் கேஸ் முடிஞ்சதாட்டு காணிக்குது. கடிச்சது ஜூன் பதினொண்ணாம் தேதி."

"ஜூனா? இந்த மாசம் ஆறாம் தேதி நான்தானே அவரை உள்ள கூட்டிட்டுப் போனேன்!"

அவள் பதிந்தது 06-11-25. மென்பொருளோ மாதத்தை முதலில் படிக்கும் வெளிநாட்டுப் பழக்கத்திலேயே இருந்தது. வருடமும் இரண்டு இலக்கம்தான். மூன்று எண்களும் ஒரே முகத்தோடு முழித்தன. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், பன்னிரண்டாம் தேதிக்குப் பின் வந்தவர்கள் தப்பினார்கள். முதல் பன்னிரண்டு தேதிகளில் வந்தவர்களை, சத்தமில்லாமல் வேறு மாதத்துக்கு அனுப்பிவிட்டது.

"எத்தனை பேர்?"

"ஒம்பது பேரு."

"மத்த எட்டு பேருக்கும் இப்பவே போன் போடு" என்று காரை எடுத்தேன்.

மூன்றாம் நாள் ஊசியும் இல்லை, ஏழாம் நாள் ஊசியும் இல்லை. விஷம் தலைக்கேறினால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும், அதற்கப்புறம் மருந்தே கிடையாது என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். நெய்யாற்றின்கரை நெரிசலில் ஸ்டீயரிங் என் வியர்வையில் வழுக்கியது.

யோசுவா கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தார். செல்லபாய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதை யோசுவாவிடம் நீட்டினேன்.

"முதல்ல நீங்க குடிங்க."

"ஏன் சாறே, எனக்க பொண்டாட்டி விஷம் கலக்கியிருப்பாளோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"காய்ச்சக்காரனுக்குப் பச்சத்தண்ணியா குடுக்கது?" என்று மனைவியை முறைத்தார்.

"எனக்காகக் குடிங்க" என்றேன்.

ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு மடமடவென்று குடித்தார். குரல்வளை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்லபாய் அதே டம்ளரை நிரப்பி நீட்டினார். "இனி நீங்க குடியுங்க, சாறே."

வாங்கினேன். விளிம்பில் யோசுவாவின் எச்சில் ஈரம் இன்னும் இருந்தது.

"ஊசிக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்று டம்ளரைத் தரையில் வைத்தேன்.