முதல் முன்னுரிமை இஞ்ஞாசி

தீவு நாடுகள் ஒன்றியத்தின் தலைமை எங்கள் நாட்டுக்கு வந்த அன்றே நாடு சுழல ஆரம்பித்தது. ஒப்பந்தத்தில் ‘சுழற்சி முறையில் தலைமை’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மற்ற தீவு நாடுகள் தங்கள் முறை வந்தபோது என்ன செய்தன என்று நாங்கள் விசாரிக்கவில்லை. மெதுவான சுழற்சிதான், குடத்துத் தண்ணீர்கூடச் சிந்தாது. காலை வெயில் விழுந்த சமையலறைகளில் மாலை வெயில் விழுந்தது. பள்ளிவாசலில் தொழுகைப் பாய்களை நாள்தோறும் கொஞ்சம் திருப்பிப் போட்டார்கள். வாஸ்து சரியில்லை என்று வீட்டை விற்க இருந்தவர்கள், வாசல் தானாகக் கிழக்கே வந்துவிடும் என்று விலையை ஏற்றிவிட்டார்கள்.

தலைமை ஏற்கும் நாடு தன் முன்னுரிமைகளை அறிவிக்க வேண்டும். அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கடல் பாதுகாப்பு, வணிகம், இளைஞர் நலன் என்று யாரும் முகம் சுளிக்காத வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். அப்போதுதான் கருவாடு விற்கும் சகாயராணி அலுவலகத்துக்கு வந்தார்.

“சார், நாட்டக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க.”

அவர் கணவர் இஞ்ஞாசி, நாடு சுழலத் தொடங்கும் முன்பே ஆழ்கடலுக்குப் போனவர். எப்போதும் வரும் திசையில் வந்தால், மணல்கரை இருந்த இடத்தில் இனிப் பாறைதான் இருக்கும். படகு உடைந்துவிடும்.

“தலைமைக் காலம் முடியற வரைக்கும் நிறுத்த முடியாதும்மா,” என்றேன்.

“அப்ப முன்னுரிமைன்னு என்னமோ போடுவீங்களாமே, அதுல எம் புருசன் பேரப் போடுங்க.”

சொல்லிவிட்டு அழுதார். எனக்கு மனது கேட்கவில்லை. பேரை எழுதி எங்கள் அமைச்சர் தில்லைநாயகத்திடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, “இவர் இளைஞரா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் தனியாக மேலே போடு என்றார்.

உறுப்பு நாடுகள் கூடி விவாதித்தன. ‘இஞ்ஞாசி’ என்பதை ‘இஞ்ஞாசி போன்றோர்’ என்று திருத்தலாம் என்றது ஒரு நாடு. சகாயராணியைக் கேட்டேன்.

“போன்றோர்னா யாரு சார்? எனக்கு அவரு ஒருத்தரு போதும்.”

திருத்தம் கைவிடப்பட்டது. எல்லா நாடுகளும் தங்கள் கரையில் விளக்கேற்றி இஞ்ஞாசியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன. சகாயராணி மட்டும், நாடு சுழலச் சுழல அதற்கு எதிர்ப்பக்கமாகக் கரையோரம் நடந்து, கணவர் போன திசைக்கு நேராகவே நின்றார். பாறைகள் அந்தப் பக்கம் வந்தபோது பாறைமேல் ஏறி நின்றார். துணைக்கு நானும் போவேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

தலைமைக் காலம் முடியும் தறுவாயில் படகு தெரிந்தது. அதன் பின்னால், கயிற்றில் கட்டியபடி, அடுத்துத் தலைமை ஏற்க வேண்டிய நாடும் வந்தது.

“நம்ம கரையக் காணோம்,” என்றார் இஞ்ஞாசி. “இவங்கதான் எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. எறங்க ஒரு கரை வேணும்ல, கட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

சகாயராணி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவரை அடித்தார், பிறகு கட்டிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அமைச்சர் பொறுப்பை ஒப்படைக்க அந்த நாட்டில் எட்டிக் கால் வைத்தார். அங்கே கரையில் ஒரு பெண் யாரையும் கவனிக்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சகாயராணி அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அந்தப் பொம்பளையோட கரையப் பேத்துக்கிட்டு வந்திருக்கீங்க. எடுத்த எடத்துல கொண்டுபோய் விடுங்க.”

“திரும்பி வர்றப்ப நம்ம கரைய எங்க போய்த் தேடுறது?”

“அதையும் கூடக் கட்டுங்க. நானும் வர்றேன்.”

இஞ்ஞாசி இன்னொரு கயிற்றை எங்கள் துறைமுகத் தூணில் கட்டினார். சாயங்காலம் இரண்டு நாடுகளும் கிளம்பின. மெதுவாக ஓட்டச் சொல்லும்படி அமைச்சர் என்னிடம் சொன்னார். அவருக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது.