சுக்கானருகே ஒரு சதுரம்

தளம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் படகுத்துறையில் ஆளில்லை. பழைய பாய்மரப் படகுகளில் தேய்ந்துபோன தேக்குப் பலகைகளைப் பெயர்த்துவிட்டு, அடியிலிருக்கும் ஃபைபர் உடம்பின் மேல் கார்க் விரிப்பை மயிரிழை பிசகாமல் ஒட்டிக்கொடுப்பார். சொந்தப் படகு மட்டும் மூன்று வருஷமாகச் சீந்துவாரற்றுக் கிடந்தது. ஏழு வயது மகள் போனபிறகு அதில் யாரும் ஏறவில்லை. கடல் அவளைக் கொண்டுபோகவில்லை. பாழாய்ப்போன காய்ச்சல்தான் கொண்டுபோனது.

"சும்மா கெடந்து வீணாப் போறதுக்கு, சரி பண்ணி யாருக்காவது குடுத்துடலாங்க" என்றாள் மனைவி.

போன வாரம் பலகைகளைப் பெயர்த்தார். சுக்கானருகே, மகள் உட்கார்ந்தால் கால் எட்டுவதற்காக அவரே அறைந்திருந்த சதுரக் கட்டையையும் கழற்றி, குப்பையோடு குப்பையாகக் கொட்டினார். மறுநாள் வெறுந்தளத்தில் பிளாஸ்டிக் தாள் விரித்து அளவு வரைந்தார். அந்த அளவுக்கு வெட்டிய கார்க்கை இன்று விரித்துப் பார்த்தால், சுக்கானருகே ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஓட்டை.

"இங்க என்னங்க ஓட்டை?"

"அளவு தப்பிப்போச்சு" என்று எரிந்து விழுந்தார். "முப்பது வருஷத்துல இப்பதான். வேடிக்கை பாக்காம போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. குனிந்து ஓரங்களை விரலால் தடவினாள். இல்லாத கட்டையைச் சுற்றி அவர் கை கோடு போட்டிருப்பது அவளுக்குப் புரிந்தது.

"அளவெல்லாம் சரியாத்தாங்க இருக்கு. நம்ம பொண்ணு ரெண்டு காலையும் சேர்த்து வச்சா இவ்வளவுதான்."

அவர் ஒட்டுப்போட ஒரு சதுரத் துண்டை வெட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. பசை தடவத்தான் கை வரவில்லை.