நாற்பது பேர் ரத்தத்தில் காஃபின்

பேராசிரியர் ஒஸ்மோ கெல்லோகும்புவின் ஆராய்ச்சி, அவரே பலமுறை சொன்னபடி, வலி நிவாரண வரலாற்றில் ஒரு மைல்கல். விஷயம் இவ்வளவுதான். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட நாற்பது பேரில் இருபது பேருக்கு வெறும் இபுபுரூஃபென் மாத்திரை; மீதிப் பேருக்கு அதே மாத்திரையில் கொஞ்சம் காஃபின் சேர்த்து. காஃபின் சேர்ந்தால் வலி கூடுதலாகக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். முந்தின நாளிலிருந்து யாரும் காப்பியைத் தொடக்கூடாது. காப்பி இல்லாமல் பொழுதே விடியாத பின்லாந்தின் ஊலு நகரத்தில் அப்படி நாற்பது பேரைப் பிடித்ததுதான் உண்மையான சாதனை.

முடிவு வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே அளவுதான் குறைந்திருந்தது. ரத்தப் பரிசோதனை அதைவிட மோசம்: நாற்பது பேர் ரத்தத்திலும் காஃபின்.

மாத்திரை கொடுத்தவள் நர்ஸ் ஹில்க்கா. ஆகவே குற்றவாளி கிடைத்தாயிற்று. அவளுடைய இருபத்தாறு வருட வேலை இன்று காலை, நிர்வாகத்திலிருந்து விசாரிக்க வந்த வெய்யோவின் பேனாமுனையில் நின்றது. வேலைநீக்கத் தாள் அவர் முன்னால் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"டப்பாவ மாத்தி எல்லாருக்கும் காஃபின் மாத்திரையே குடுத்துட்ட. ஒத்துக்கோ" என்றார் பேராசிரியர்.

"மாத்தல சார். நம்பர் பாத்துப் பாத்துதான் குடுத்தேன்."

"அப்ப காஃபின் என்ன, ஜன்னல் வழியா பறந்து வந்துச்சா? என் பத்து வருஷ உழைப்பு!"

வெய்யோ பேனா மூடியைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்மா. அன்னிக்கு அவங்க வாய்க்குள்ள என்னென்ன போச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"மரத்துப்போற ஊசி. பஞ்சு. மாத்திரை. அதுக்கு ஒரு டம்ளர் தண்ணி." யோசித்தாள். "வந்ததும் வரவேற்புல குடுத்தது."

"என்ன குடுத்தீங்க?"

"நான் இல்லீங்க. சார்தான். ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்து, அறிவியலுக்கு நீங்க செய்யற தியாகம்னு ஒரு பேச்சு பேசி, அவர் கையாலயே ஊத்திக் குடுப்பாரு."

"எத?"

ஹில்க்கா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"காப்பி."

வெய்யோ பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"அதெப்படிய்யா காப்பில சேரும்?" என்றார் பேராசிரியர். "நம்மளத் தேடி வந்தவங்கள ஒரு கப் குடுக்காமயா உக்கார வைப்பாங்க? அது மரியாதை!"

"அவங்க யாரும் வேணாம்னு சொல்லலியா?"

"எப்படிச் சொல்வாங்க? நான் பேராசிரியர்."

"எத்தன கப்?"

"ஒண்ணுதான்." அவர் குரல் இறங்கியது. "சில பேருக்கு ரெண்டு."

வெய்யோ தாளில் இருந்த ஹில்க்காவின் பெயரை அடித்தார். "உங்க முழுப் பேரு சொல்லுங்க சார். தப்பா எழுதிடக் கூடாது பாருங்க."

ஹில்க்கா எழுந்தாள். பேராசிரியர் அவள் பக்கம் திரும்பினார்.

"பக்கத்துலதானே நின்ன? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படி சார் சொல்றது? நானும் கையில கப்போடதான் நின்னேன்."