முதலில் அவன் சத்தியம் செய்யட்டும்

காலையில் எழுந்து பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். பொங்குவதற்குள் இறக்கினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன்.

வாசலில் மச்சான் பைக்கோடு நின்றிருந்தார். என் மனைவியின் அண்ணன்.

"சாப்ட்டியா மாப்ள?"

"பால் குடிச்சேன்."

"நீ என்ன பூனையா? ஏறு."

நீதிமன்ற வராந்தாவில் லாரி முதலாளி வழி மறித்தான். என் மனைவி மேல் ஏறிய லாரி அவனுடையது. அன்று ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கவும் விடாமல் விரட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

"தம்பி, தப்பு ரெண்டு பக்கமும்னு ஒத்துக்க. பாதி நஷ்டஈடு இன்னைக்கே வாங்கித் தரேன். போன உசுரு திரும்பியா வரப்போகுது?"

"நீங்க உள்ள வந்து பாத்ததைச் சொல்லுங்க சார்," என்றேன். மரியாதையாகத்தான்.

சொன்னான். சத்தியம் செய்துவிட்டு, கூண்டுக் கட்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அந்தப் பொண்ணு ஸ்கூட்டர ஓட்டிக்கிட்டே போன் பேசிட்டு வந்துச்சுங்க. தானா வந்து குறுக்க விழுந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"ஓரமா நின்னுட்டிருந்திருக்கலாமே?" என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"நிக்கவே இல்லைங்க. சத்தியமா."

நீதிபதி எழுதிக்கொண்டார். மச்சான் பல்லைக் கடித்தார். அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தேன்.

அவள் பேசிக்கொண்டிருந்தது என்னோடு. என் போன் எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிவு செய்துவிடும். வக்கீலுக்கு முன்பே போட்டுக் காட்டியிருந்தேன்.

"இதை இப்பவே குடுத்தா முழுத் தப்பும் அவங்க மேலதான். பணம் மொத்தமா வந்துரும். இழுத்தடிக்க வேணாம்," என்றார் அப்போது.

"பணம் வரட்டும் சார். முதல்ல அவன் சத்தியம் பண்ணட்டும்," என்றேன்.

பொய்ச் சாட்சிக்குச் சிறை உண்டு என்று படித்திருந்தேன். நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கட்டும். சிறைக்கு அவனே போக வேண்டும்.

எங்கள் வக்கீல் அந்தப் பதிவைப் போட அனுமதி கேட்டார். அந்தத் தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி கேட்டுவிடலாம் என்றார். மேசைமேல் என் போன். முதலாளிக்கு இன்னும் விளங்கவில்லை. கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் போனைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கர்சீப் பாதிக் கழுத்தில் நின்றது.

அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"வண்டிய ஓரமா நிறுத்தி எறங்கிட்டேன், இப்ப சொல்லு. இரு இரு, லாரி ஒண்ணு வருது, ஒண்ணும் கேக்கல. அது போகட்டும், பேசறேன்."