ஈரம் பிடித்த கம்ப்யூட்டர்

தீபாவளி லீவு நாலு நாள் முடிந்து ஆபீசைத் திறந்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்றது. சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, திரையில் மட்டும் ஒரு எழுத்தும் இல்லை.

"பொம்பளப் புள்ள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான்லா" என்றார் பெரிய கிராணி சிங்காரம், ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வேலையே அந்தப் பெட்டியால் வந்ததுதான். தொழிற்சாலை மாடியில் சூட்டுக் காற்றில் தேயிலைக் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தவளை, டைப்பிங் படித்தவள் என்று மேனேஜர் ஹரோல்ட் துரை ஆறு மாதம் முன்பு ஆபீசுக்கு எடுத்தார். எஸ்டேட்டில் முதல் பெண் கிராணி நான். அதுவும் டெம்பரரி.

துரை வந்து பார்த்தார். "நாலு மணிக்கு ஈப்போ டவுனுக்குப் போற லோரி வருது. ஏத்தி விட்டுடலாம். ரிப்பேர் ஆகி வர்ற வரைக்கும் நீ மாடிக்கே போயிடு, அம்சவல்லி."

'வர்ற வரைக்கும்' என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலாளர் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

"நாலு மணி வரைக்கும் நான் பாக்குறேன் தொரை."

"பாரு" என்றார், நம்பிக்கை இல்லாமல்.

வேறு பிளக்கில் மாட்டினேன். திரைக்குப் போகும் வயரைக் கழற்றிச் செருகினேன். வேறு பிளாப்பித் தட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சிங்காரம் பேப்பர் படிப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து யோசித்தேன். இது முன்பும் இரண்டு தடவை மக்கர் செய்தது. இரண்டும் திங்கட்கிழமை காலை; இரண்டு தடவையும் மத்தியானம் தானாகச் சரியானது. மற்ற நாளில் தினமும் ஓடுகிறது, தன் சூட்டிலேயே இருக்கிறது. லீவில்தான் குளிர்ந்துபோகிறது. இப்போது நாலு நாள், நாலு நாளும் மழை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியால் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தகட்டின் மேல் புறங்கையை வைத்தேன். கூடையிலிருந்து அப்போதுதான் கொட்டிய கொழுந்து போல ஜில்லென்று நசநசத்தது. ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பெட்டியைக் கித்தான் துணியில் சுற்றித் தூக்கினேன். மாடிக் கங்காணி மாடசாமி அண்ணன் வாயைப் பிளந்தார். "ஏம்புள்ள, இதையும் அரைக்கப் போறியா?"

"காய வைக்கப் போறேண்ணே. தூசி இல்லாம சூட்டுக் காத்து மட்டும் வர்ற எடமா ஒண்ணு குடுங்க."

சிரித்தாலும் கொடுத்தார். திரையையும் அவரே தூக்கி வந்தார். அரை மணிக்கு ஒரு தடவை பெட்டியைப் புரட்டி வைத்தேன். சாப்பிடப் போகவில்லை. மாரியம்மனையும் கூப்பிட்டேன், பெட்டியையும் திட்டினேன்.

மூன்றரைக்கு அங்கேயே பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். 'பீப்' என்று ஒரு சத்தம். தட்டு கரகரவென்று சுற்றியது. திரையில் பச்சை எழுத்து வந்து நின்று கண் சிமிட்டியது. வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். வெளியே லோரி வந்து நின்றிருந்தது.

"மெஷினு நல்லாத்தான் இருக்கு தொரை, மாடியில ஓடுது. ஈரம்தான் கோளாறு. இந்த ரூம்தான் சரியில்ல."

சிங்காரம் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

"கூடம் கோணல்தாங்கய்யா. சொவத்தத் தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. துரை எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எங்க வைக்கிறது?"

"மாடியிலயே வைங்க. ஓரமா பலகை அடிச்சு, தூசி வராம ஒரு ரூம். நானும் அங்கேயே இருக்கேன்."

"பாத்தீங்களா தொரை, சுத்திச் சுத்தி மாடிக்கே போறா" என்றார் சிங்காரம்.

"ஆமாங்கய்யா, போறேன்" என்றேன். "ஆனா கிராணியா. டெம்பரரி இல்லாம."

துரை என்னைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார்.

"சிங்காரம், லோரியப் போகச் சொல்லிடு. அப்படியே இவளுக்கு ஒரு லெட்டர் டைப் பண்ணு."

சிங்காரம் டைப்ரைட்டரில் தாளைச் செருகினார். பிறகு என்ன தேதி போடுவது என்று கேட்டார்.

"இன்னைக்குத் தேதியே போடுங்க" என்றேன்.